நல்லம்மாள் கம்பளியில் என் முடிச்சு

மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒரு கம்பளியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, நல்லம்மாள் என்ற பெண்மணியிடம் நான் பொய் சொன்னேன். தெரியாமல் சொன்னதல்ல. வாயிலிருந்து வரும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யால் அவருடைய கம்பளி என் கைக்கு வந்தது. அவர் மகளின் கல்யாணம் நின்றது. முதலாவதைத் திட்டமிட்டுச் செய்தேன். இரண்டாவது நடந்ததே வெகுகாலம் எனக்குத் தெரியாது.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும்படி பலர் கேட்டிருக்கிறார்கள். கடலையும் காட்டையும் பற்றிச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது என் வழக்கம். இந்த முறை விடப்போவதில்லை.

அப்போது நான் திருச்சிக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். எனக்குக் கம்பளிப் பைத்தியம் உண்டு. ஆட்டு மயிரைக் கையால் நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு இறுக்கிய கறுப்புக் கம்பளிகள். சந்தையில் புதிதாக வாங்கினால் முள்ளாகக் குத்தும். முப்பது வருஷம் மேய்ப்பன் தோளில் கிடந்து மழையும் வெயிலும் பட்டபின் அதே கம்பளி பூனைக்குட்டியின் முதுகைப்போல ஆகிவிடும். பழையதையும் சேர்த்தேன், புதியதையும் சேர்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய ஜமீன்தாருக்கும் இதே பைத்தியம். அவரிடம் கண்ணாடி அலமாரிகள் இருந்தன, என்னிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கத்தில் பெரியவீரன் என்று ஒரு நெசவாளி இருந்து மறைந்தார். அவர் நெய்த கம்பளியில் தண்ணீர் ஊற்றினால் இறங்காது என்பார்கள். ஊரில் அவர் கைவேலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒன்றே ஒன்றை அவர் மகள் நல்லம்மாள் கப்பலில் மலாக்காவுக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று கேள்விப்பட்ட ஜமீன்தார், "போய்க் கொண்டுவாரும்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

கம்பளி தேடிப் போவதற்கு மலாக்காவைவிடப் பொருந்தாத ஊர் உலகத்தில் இருக்க முடியாது. இறங்கிய அரை மணியில் என் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆற்றங்கரைக் கடைகளின் ஓடுகளிலிருந்து ஆவி எழுந்தது. மழை பெய்து முடித்தது என்று நினைப்பதற்குள் வெயில், வெயில் என்று நினைப்பதற்குள் மழை. இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. சிவந்த சுவர்க் கட்டடங்கள், படகிலிருந்து இறங்கும் மிளகு மூட்டைகள், தலையில் முக்காடிட்ட மலாய்ப் பெண்கள், கழியில் இரண்டு கூடை தொங்கவிட்டு ஓட்டமாய் நடக்கும் சீனர்கள். எங்கள் ஊர் முழுவதும் ஒரே நிறத்தில் எழுதிய படம் போலவும், இங்கேதான் வண்ணப்பெட்டியைத் திறந்தார்கள் போலவும் எனக்குப் பட்டது.

பசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு தமிழர் கடையில் வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு தந்தார்கள். நான் மரக்கறி மட்டும் உண்பவன். இலையைப் பிரித்தால் மேலே சின்னச் சின்னதாய் மீன்.

"ஐயா, இதில் மீன் இருக்கிறதே?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது மீனு இல்ல சார், நெத்திலிலா. இந்த ஊருல அத மீனு கணக்குல சேக்குறதில்ல."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அந்தச் சோற்றின் மணம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் புலாவ் செபாங் போகும் பஸ். என் மடியில் யாரோ ஒரு பெட்டைக் கோழியைக் கேட்காமலே வைத்துவிட்டுக் கூரைமேல் ஏறிக்கொண்டார். சிம்பாங் அம்பாட் நாற்சந்திக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரம் இல்லை. மலாய் டிரைவர் சற்றும் கலங்கவில்லை. பாதையோரத்து லாலாங் புல்லைக் கத்தை கத்தையாக அறுத்து, டயருக்குள் திணித்து, காலால் மிதித்து இறுக்கினார். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்தார்: "காத்து போயிரும், புல்லு எங்கயும் போகாதுங்கிறாரு." புல் அடைத்த சக்கரத்தில் மீதி வழி முழுவதும் மாட்டு வண்டியைப்போல ஆடிக்கொண்டே போனோம். கோழி என் மடியில் ஒரு முட்டை இட்டது.

எதற்காக வந்தேன் என்று பஸ்ஸில் கேட்டவர்களிடம் கம்பளி தேடி என்று சொன்னேன்.

"கம்பளியா? எங்க தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி சட்டையே போடமாட்டாரு!" என்றார் ஒருவர். பஸ்ஸே சிரித்தது.

இறங்கிய ஊரில் சிரிக்காதவர் ஒருவர்தான். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்த அருளப்பன். நாகப்பட்டினத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு நண்பர் கொடுத்த கடிதத்தோடு அவர் வீட்டில்தான் தங்கினேன்.

"சார், எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுக்கு அடியில ஒரு கம்பளி கெடக்கும். ஒருத்தரும் போத்திக்கமாட்டாங்க. ஒருத்தரும் தூக்கிப் போடவும் மாட்டாங்க. நீங்க பெட்டிக்கு அடியில பாக்கணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி. அடுத்த மூன்று நாள் தோட்டம் தோட்டமாக நடந்தேன். லயத்து அறைகளில் தகரப் பெட்டிகளைத் திறந்து, வேட்டி, சேலை, ஊர்க் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கம்பளியை விரித்துக் காட்டினார்கள். ஒரு வீட்டில் பிள்ளைபெற்றவளுக்கு மட்டும் விரிப்பது. இன்னொரு வீட்டில் சாமியாடுகிறவர் தோளுக்கு மட்டும். பழுப்பு, சாம்பல், கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு. காப்பி நிறத்தில் ஒன்று இருந்தது. அதற்குச் சாயம் கிடையாது, அந்த நிறத்தில் ஓர் ஆடு எங்கோ புல் தின்றிருக்கிறது, அவ்வளவுதான். கடல் தாண்டி, இந்தப் புழுக்கத்தில், எங்கள் பக்கத்து ஆடுகளின் நிறங்களெல்லாம் பெட்டிக்குள் உயிரோடு இருந்தன. இரண்டு பேர் விருப்பத்தோடு விற்றார்கள். வாங்கிக்கொண்டேன்.

புலாவ் செபாங் வந்த ஐந்தாம் நாள் காலை நல்லம்மாள் இருந்த தோட்டத்துக்குப் போனேன். அவரும் மகளும் பாலுக்கு மரம் வெட்டும் நிரையில் இருந்தார்கள். ரப்பர் மரங்கள் நான் நினைத்ததுபோல் காடாக இல்லை. தூண் வரிசைபோல நேராக, கண் போகிற தூரம் வரை. ஒவ்வொரு மரத்திலும் சாய்ந்த ஒரு வெட்டு, அதன் நுனியில் சொட்டும் வெள்ளைப் பால். ஆயிரம் மரம் சொட்டுவது காதுக்குக் கேட்கும் என்று நினைத்துக் கூர்ந்து கேட்டேன். கேட்கவில்லை. இத்தனை பால் இத்தனை மௌனமாக இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

"மரத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு என்ன பண்றாரு இவரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கும்புடுறாருடா. ஊருல மரத்தப் பாத்திருக்கமாட்டாரு" என்றார் இன்னொருவர். அவர் பெயர் மாரிமுத்து. பின்னால் மறுபடி வருவார்.

வேலை முடிந்ததும் லயத்து வாசலில் நல்லம்மாள் கம்பளியை எடுத்துவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரமாக, மெலிந்து, கைகளில் பால் கறை உலர்ந்து உரிந்துகொண்டிருக்க, யாருக்கும் அவசரப்படாதவராக இருந்தார். விரித்தார். கறுப்பு என்றால் சாதாரணக் கறுப்பல்ல, உள்ளுக்குள் நீலம் ஓடியது. இழையை எண்ண முடியாத நெருக்கம். நான் கையை வைக்கப் போன நேரத்தில் அவர் ஒரு செம்புத் தண்ணீரை அதன் நடுவில் கொட்டினார்.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் இறங்கவில்லை. சேம்பிலையில் நிற்பதுபோலத் திரண்டு திரண்டு நின்றது. நல்லம்மாள் ஒரு முனையைத் தூக்கினார். முத்துக்கள் உருண்டு ஓடித் தரையில் விழுந்தன. கம்பளி காய்ந்தே இருந்தது.

"எங்கய்யா நெசவு" என்றார்.

அதன் ஓரத்துத் தொங்கல் நூல்களில் சில முடிச்சுகள் இருந்தன. கேட்டேன். அவர்கள் ஊர்ப் பக்கம் நாலு பேர் கூடிப் பேசுவதென்றால் கம்பளி விரித்து அதன்மேல் உட்கார்ந்து பேசுவார்கள். கம்பளிமேல் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. இந்த லயத்தில் அந்த ஊர்க் கம்பளி இது ஒன்றுதான். அதனால் சண்டை தீர்ப்பது, பெண் கேட்பது எல்லாம் இதன்மேல்தான். ஒருவர் சொல் கொடுத்தால் நல்லம்மாள் தொங்கலில் ஒரு முடிச்சுப் போடுவார். சொல் நிறைவேறியதும் அதை வாங்கியவர் அவிழ்ப்பார்.

"வேறு யாரும் அவிழ்க்கக்கூடாதா?"

"கூடாது. சொல்லு யாருக்குக் குடுத்தாங்களோ அவுங்கதான்."

"அவர் இறந்துபோனால்?"

"அந்த முடிச்சு அப்படியே கம்பளியோட போகும். இந்தா, இது ஒன்னு அப்படிப்பட்டதுதான்" என்று ஒரு பழைய முடிச்சைக் காட்டினார்.

பளிச்சென்று புதிதாக ஒன்று இருந்தது. அது அவர் மகள் ராசாத்தியின் கல்யாண முடிச்சு. அதே லயத்துக் கருப்பன்தான் மாப்பிள்ளை. கருப்பனின் தகப்பனார் இறந்து வருஷம் திரும்பவில்லை, அதனால் அடுத்த ஆவணிக்கு வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று காலையில் தாயும் மகளும் சேர்ந்து முடிச்சை அவிழ்ப்பார்கள், அதன் பிறகுதான் தாலி. கருப்பன் அப்போது தூரத்தில் ஒரு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவிய வாளி.

"எத்தன தரம்டா கழுவுவ? அடி தேஞ்சிரப் போவுது!" என்றார் மாரிமுத்து. ராசாத்தி உள்ளே ஓடிவிட்டாள்.

விற்பீர்களா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சி அரித்திருந்ததை என் கண் முதலிலேயே பார்த்திருந்தது.

"இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் பாதி போய்விடும் அம்மா" என்றேன். அது உண்மை.

"இங்க யாருக்குங்க இந்த வேல தெரியும்?"

"உங்கள் அப்பாவிடம் தறி பழகியவர் ஊரில் இருக்கிறார். அவரிடம் கொடுத்துச் சரிசெய்து, அடுத்த ஆடிக்குள் நானே கொண்டுவந்து தருகிறேன்." இதில் முதல் பாதி உண்மை.

"கப்பல்ல ஏறுனதும் வாத்தியாருக்கு நம்ம மூஞ்சியே மறந்துரும் அத்தே" என்றார் மாரிமுத்து.

"அதுக்குத்தான்டா கம்பளி" என்றார் நல்லம்மாள். என்னைப் பார்த்து, "உக்காந்து சொல்லுங்க வாத்தியாரே" என்றார்.

எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்தேன். அந்தக் கம்பளியின்மேல் உட்காரும் ஆசையும் எனக்கு இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். "அடுத்த ஆடிக்குள் இந்தக் கம்பளியைக் கொண்டுவந்து நல்லம்மாள் கையில் கொடுப்பேன்" என்று தெளிவாக, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அவர் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்த மூன்று இழைகளை எடுத்து, ஈரப்படுத்தி, முடிச்சிட்டு இறுக்கினார்.

"பயப்படாதீங்க, இது கயிறு இல்ல. நீங்க வந்ததும் நானே அவுத்துருவேன்" என்று சிரித்தார்.

வழிக்கு என்று ராசாத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்து இலையில் கட்டிக் கொடுத்தாள். அருளப்பன் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதைத் தின்றுவிட்டேன்.

ஜமீன்தார் கம்பளியைப் பார்த்துக் கண்கலங்கினார். தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பிறகு தொங்கலைத் தடவி, "இது என்ன முடிச்சு?" என்று கேட்டார்.

"நெசவில் விட்ட பிசிறு" என்றேன்.

"வெட்டிவிடலாமே?"

"வேண்டாம். பழமைக்கு அடையாளம்."

அந்தக் காலத்தில் நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான். கம்பளி நடுக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஏறியது. அதைத் தூசி தட்டும் பொறுப்பு எனக்கு. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் என் முடிச்சு கண்ணில் படும். ஆடி வந்தது, போனது. அடுத்த ஆடியும் போனது. பிறகு நான் ஆடிகளை நினைப்பதை விட்டேன்.

ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பின. அப்படி வந்தவர்களைத் திருச்சி ரயிலடியில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். தகரப் பெட்டியும் பிள்ளைகளுமாக, எந்த வண்டி எங்கே போகும் என்று தெரியாமல் நிற்பார்கள். ஒருநாள் ஒருவர் என்னெதிரே வந்து நின்றார்.

"வாத்தியாரய்யாதானே?"

மாரிமுத்து. இளைத்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கம்பளி சரியாயிருச்சுங்களா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அவரே சொன்னார். ஆவணி வந்தும் நான் வரவில்லை. வேறு கம்பளியை விரித்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நல்லம்மாள் ஒப்பவில்லை.

"'வேற கம்பளியில வச்சா, வாத்தியாரு சொல்லு பொய்யின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்டா. அவரு உக்காந்து சொன்னவரு. ஏதோ சூசா, கஷ்டம், அதான் லேட்டாவுது. வந்துருவாரு'ன்னு சொல்லிட்டாங்க. அடுத்த ஆவணியும் அதே பேச்சு. அப்புறம் வேல போச்சு. தனியாள எல்லாம் மொதல்ல கப்பலேத்துனாங்க. கருப்பனையும் ஏத்திட்டாங்க. கட்டியிருந்தா அவங்களோட அங்கயே இருந்திருப்பான். அத்த வீட்டுக்குப் பெம்பான் பக்கம் காய்கறி போடக் கொஞ்சம் எடம் கெடச்சிருந்துச்சு."

"கருப்பன் இப்போது?"

"இங்க ஊருலதான் இருக்கான். போன வைகாசியில மாமன் மகளக் கட்டிக்கிட்டான். என்ன பண்ணுவான், பாவம்."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "சரியாயிருந்தா கொண்டுபோய்க் குடுத்துருங்கய்யா. அத்த இன்னும் உங்களச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார்.

அன்றே ஜமீன்தாரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவருக்கு நியாயம் புரிந்தது, ஆனால் அலமாரியை வெறுமையாக்க மனம் வரவில்லை. "அதற்குப் பதிலாக என்ன தருவீர்?" என்று கேட்டார். என்னிடமிருந்த பதினான்கு கம்பளிகளையும், பழசு புதுசு எல்லாவற்றையும், மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் கூடத்தில் அடுக்கினேன். மலாக்காவில் வாங்கிய இரண்டும் அதில் இருந்தன. நல்லம்மாளின் கம்பளியோடு வீடு திரும்பினேன்.

பெரியவீரனிடம் பழகிய நெசவாளியைத் தேடிப் போனேன். கம்பளியைத் தொட்டதும், "எங்க வாத்தியாரு கை" என்று எழுந்து நின்றுவிட்டார். பூச்சி அரித்த மூலையைப் பிரித்து, அதே நிறத்து மயிரை நூற்று, இழை இழையாகக் கோத்தார். இரண்டு நாள் வேலை. ஆறு ஆடி போயிருந்தது. அவர் தறியில் அன்று அறுத்த புதுக் கம்பளி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை மலாக்காவில் பஸ்களுக்கு நல்ல டயர் இருந்தது. ஏறத்தான் ஆளில்லை. புலாவ் செபாங்கில் அருளப்பனின் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் வா என்று சொல்லவில்லை. கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார்.

"அதுவா?"

"அதுதான்."

"சார், உங்களுக்குச் சோறு போட்ட வீடுன்னு எங்க வீட்டுக்காரியோட அந்த லயத்துல ஒரு வருசம் யாரும் பேசல. நல்லம்மாக்கா ஒருத்தர்தான் பேசுனாங்க" என்றார். பிறகு, "சரி, கை கழுவுங்க, சாப்பிடுவோம். மீனு இல்ல. நெத்திலியும் இல்ல" என்றார்.

பழைய தோட்டத்தைக் காட்டினார். மரங்கள் அதே வரிசையில் நின்றன, வெட்டுப்படாமல். லயத்தின் கதவுகள் திறந்து கிடந்தன. வாசலில் லாலாங் என் இடுப்பளவு. அன்று நான் உட்கார்ந்த இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் இருவரும் பெம்பானுக்குப் போனோம். சாலையிலிருந்து கம்போங் என்ற மலாய்க் குடியிருப்பு வழியாக உள்ளே நடந்தால் கீரைப் பாத்திகள், நீளப் பயற்றங்கொடிகள், ஒரு பசு, அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. இத்தனை பச்சையை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. ராசாத்தி கீரைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். கட்டிக்கொண்டிருந்த கட்டை முடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"அம்மா எங்கே?" என்றேன்.

"மாசியில போயிட்டாங்க."

இரண்டே மாதம் பிந்தியிருந்தேன்.

"வாசலப் பாத்துக்கிட்டே செத்தாங்கன்னு நெனைக்காதீங்க" என்றாள் ராசாத்தி. "அதுக்கெல்லாம் அவுங்களுக்கு நேரமில்ல. கீரைக்குத் தண்ணி ஊத்துறப்ப விழுந்தாங்க. ஆனா கேட்டா, வருவாருன்னுதான் சொல்லுவாங்க. கடைசி வரைக்கும் அத மாத்தல."

கம்பளியை வாங்கி வாசலில் விரித்தாள். சரிசெய்த மூலையை விரலால் தேடினாள். கண்டுபிடிக்க நேரமாயிற்று. "நல்லா பண்ணியிருக்காங்க" என்றாள். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் ஊற்றினாள். தண்ணீர் திரண்டு நின்றது. ஆறு வருஷம் கண்ணாடிக்குள் கிடந்தும் பெரியவீரனின் நெசவு ஒரு சொட்டையும் உள்ளே விடவில்லை. அருளப்பன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ராசாத்தி அந்த நீரைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

பிறகு தொங்கலைக் கையில் எடுத்தாள். கல்யாண முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் முடியவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள்.

"இந்தச் சொல்ல வாங்குனது அம்மாவும் நானும். அம்மா இல்ல. நான் இருக்கேன்" என்றாள். நூல்கள் பிரிந்தன. சுருள் விழுந்த மூன்று இழைகளையும் நீவி நேராக்கினாள். "அவரு கட்டிக்கிட்டாருன்னு கேள்விப்பட்டேன். நல்லாயிருக்கட்டும். இனிமே அவருமேல ஒன்னும் இல்ல."

ஒரு பெண் தன் கல்யாணத்தைத் தன் பல்லாலேயே அவிழ்த்து விடுவித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடலையும் அந்த ஆயிரம் மரங்களையும் பார்த்து வியந்தவன்தான் நான். இதன்முன் அவையெல்லாம் சிறுத்துவிட்டன.

எனக்கு அத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. "என் முடிச்சு" என்றேன்.

அவள் அதைத் தேடவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா வாத்தியாரே? 'நல்லம்மாள் கையில் கொடுப்பேன்'னீங்க. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என் கையிலன்னு சொல்லல. லயத்துக்குன்னும் சொல்லல. எங்கம்மாவுக்குக் குடுத்த சொல்ல நான் எப்படி அவுப்பேன்?"

"நான் வேறு என்ன செய்யட்டும்? இங்கேயே இருந்து உனக்கு ஒரு நல்ல இடமாக..."

"ஐயய்ய, எனக்கு மாப்பிள்ள பாக்குற வேலையெல்லாம் வேணாம்" என்று கையை உதறினாள். அருளப்பன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க. வந்தவங்கள அனுப்பிவிட்டா அம்மாவுக்குப் பிடிக்காது."

சோறும் கீரைக் கூட்டும் வைத்தாள். பழக்கத்தில் நான் விரித்திருந்த கம்பளியின் பக்கம் நகர்ந்தேன்.

"அதுல வேணாம். இதுல உக்காருங்க" என்று நான் கொண்டுபோன புதுக் கம்பளியைத் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன். வேட்டியைத் தாண்டி முள்முள்ளாகக் குத்தியது. சாப்பிட்டு முடிக்கும்வரை அசையவில்லை. புறப்படும்போது அதன்மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது.

"இது இன்னும் பழகல. பொழங்கணும்" என்று அதைக் கட்டிலுக்கு எடுத்துப்போனாள்.

அதற்குப்பின் நான் மலாக்கா போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அருளப்பனிடமிருந்து கடிதம் வந்தது. சிம்பாங் அம்பாட்டில் மாட்டு வண்டி ஓட்டும் பெருமாள் என்பவருக்கு ராசாத்தி வாழ்க்கைப்பட்டுவிட்டாளாம். அவள் கம்பளிமேல்தான் பேச்சு, அவளே முடிச்சுப் போட்டு, கல்யாணத்தன்று காலை அவளே அவிழ்த்தாளாம். இப்போது பெம்பான் பக்கத்துத் தமிழர்கள் பெண் கேட்கவும் வழக்குத் தீர்க்கவும் அவள் வீட்டுக்குத்தான் வருகிறார்களாம். அங்கே ஒரு புது வழக்கம் ஏற்பட்டிருப்பதாக எழுதியிருந்தார். சொல் கொடுக்க உட்காருகிறவர் முதலில் மூலையிலிருக்கும் ஒரு பழைய முடிச்சைத் தொட வேண்டும். அது யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால், "இந்தியா வாத்தியார் முடிச்சு" என்பார்களாம். தொட்டபின் சிலர் எழுந்து, யோசித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவதும் உண்டாம்.

சொல் வாங்கியவரே இல்லை, அந்த முடிச்சை வெட்டிவிடலாமே என்று பெருமாள் ஒருநாள் கேட்டிருக்கிறார். அதற்கு ராசாத்தி சொன்னதை அருளப்பன் அப்படியே எழுதியிருந்தார்:

"அது இருக்கட்டும். அம்மா வருவாருன்னாங்க. வந்தாருல்ல."